வெள்ளம் கொண்டுபோன அத்தியாயம்

படம் முடிந்து திரையில் ‘தொடரும்’ என்று எழுத்து வந்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துத் தியேட்டரில் இது அதிசயம். நம் ஊர்க்காரர்கள் கடைசிச் சண்டை பாதியில் இருக்கும்போதே காலால் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

திரையில் ஓர் ஆற்றின் முகத்துவாரம். எங்கே பார்த்தாலும் மூடுபனி. உடைந்த படகில் இளவரசன் தனியாக நிற்கிறான். எதிர்க்கரை தெரியவில்லை. முதல் பாகம் அவ்வளவுதான்.

பக்கத்தில் இருந்த செண்பகம் என் கையைப் பிடித்தாள். சின்ன வயதிலிருந்து என் சிநேகிதி. கண் கலங்கியிருந்தாள்.

“ஏட்டி வடிவு, அடுத்த பாகத்துல முதல் காட்சியே அவதான். பாத்துக்கோ.”

அவளுக்கு அந்தப் பக்கம் இருந்த அவள் மகள் தலையை நீட்டி என்னைப் பார்த்துச் சிரித்தாள். “அத்தை, நான் வாரேன். விளக்கோட வாரேன்.”

மகளின் பெயர் முத்துநகை. கதையில் அந்தப் பனிக்குள் விளக்கு ஏந்தி வந்து, இளவரசனை அக்கரை சேர்க்கிற பெண்ணின் பெயரும் முத்துநகை. அவள் ஞாபகமாக வைத்த பெயர்தான் இது.

நானும் சிரித்து வைத்தேன். அந்தக் கதையில் முத்துநகை என்று யாருமே கிடையாது. அது அந்தத் தியேட்டரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அவளை எழுதியவள் நான்.

தொக்கும் வாளும்

இளைய வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதையைப் படித்துவிட்டு எடைக்குப் போடுகிற வழக்கம் அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் இல்லை. பின்னைப் பைய நெம்பி, அந்தந்த வாரத்துப் பக்கங்களைக் கிழியாமல் உருவி, துணி அலமாரிக்குள் அடுக்கி வைப்போம். கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்குவோம். அதற்குப் பெயர் ‘பைண்டு’. ‘உங்ககிட்ட அந்தப் பைண்டு இருக்கா?’ என்று கேட்டு, முன்பின் தெரியாத வீட்டுக்குக்கூடப் போகலாம்.

பைண்டில் இருக்கிற சுகம் புத்தகத்தில் கிடையாது. புத்தகத்தில் கதை மட்டும்தான் இருக்கும். பைண்டில் பக்கத்துக்குப் பின்னால் யாரோ ஒருவர் தலைமுடி உதிர்வதைப் பற்றி டாக்டரிடம் கேட்டிருப்பார். ஒரு ஜோக்கின் பாதி இருக்கும். எங்கள் கதையில் இளவரசன் அழும் வாளைக் கையில் எடுக்கிற பக்கத்தின் பின்னால் தக்காளித் தொக்கு செய்முறை. வெந்தயம் வறுக்கிற வரைக்கும்தான் இருக்கும். மீதி வேறு பக்கத்தோடு போய்விட்டது. இன்றைக்கும் எனக்கும் செண்பகத்துக்கும் தக்காளித் தொக்கில் வெந்தயத்துக்கு அப்புறம் தகராறு வரும்.

தொடரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதன் ரசிகர்கள் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். பறக்கும் மலைகள், கடலுக்குள் ஏழு வாசல் வைத்த நகரம், பேசாத மந்திரவாதி என்று இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிய கதை. எந்த நாட்டில் நடக்கிறது என்று ஆசிரியர் சொல்லவே இல்லை. அதனால் நாங்களே இடம் குறித்துக்கொண்டோம்.

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்தில் அணைக்கட்டுக்குக் கீழே படித்துறையில் உட்கார்ந்து மேற்கே பார்த்தால், மழை விட்ட சாயங்காலங்களில் மலை நீலமாகத் தெரியும். அடியில் மேகம் படிந்து, மலை மட்டும் தனியாக மிதக்கும். பறக்கும் மலை அதுதான் என்று முடிவு செய்தோம். மணிமுத்தாறு அருவி, மலையிலிருந்து நூலேணி இறக்குகிற இடம். கடலுக்குள் போன நகரத்துக்கு நாங்கள் அலையவே வேண்டியதில்லை. கொற்கை பஸ்ஸில் போனால் வந்துவிடும்.

ஒருநாள் வீட்டில் சொல்லாமல் கொற்கைக்குப் போனோம். ஒரு குளம், கிழட்டு வன்னிமரம், நாலைந்து ஆடுகள். வேறு ஒன்றும் இல்லை. கடல் எப்போதோ விலகிப் போய்விட்டது. செண்பகம் தரையில் படுத்துக் காதை மண்ணில் வைத்தாள். ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை. ஆடு ஒன்று வந்து அவள் தாவணியை மோந்து பார்த்தது.

“என்னட்டி கேக்குது?” என்றேன்.

“சும்மா இரு. ரெண்டாவது வாசல் திறக்காங்க” என்றாள்.

எனக்கும் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

பாதியில் நின்ற வயலின்

போன வாரம் இந்தப் பத்தியில் ஒலிநாடாக்களைப் பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் போன் செய்தார்கள். அதில் விட்டுப்போனதை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

கதைக்கு இசை வேண்டாமா? நாங்களே அமைத்துக்கொண்டோம். ரெக்கார்டிங் கடைக்குத் துண்டுச் சீட்டில் பட்டியல் எழுதிக் கொடுத்தால், கேட்டதையெல்லாம் ஒரே நாடாவில் பதிந்து கொடுப்பார்கள். அழும் வாளுக்கு ஒரு வீணை, கடல் நகரத்துக்கு ஒரு புல்லாங்குழல், படகுப் பயணத்துக்கு ஒரு வயலின். வயலின் பாதியில் இருக்கும்போதே நாடாவின் முதல் பக்கம் தீர்ந்துவிட்டது. கடைக்காரர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

இன்றைக்கு என் அலமாரியில் நூற்றுக்கும் மேல் இசைத்தட்டுகள் இருக்கின்றன. அந்த வயலினும் முழுதாக இருக்கிறது. ஆனால் அந்த இடம் வந்ததும் என் காது தானாக மூடிக்கொள்கிறது. அதற்குப் பிறகு வருவது வேறு யாருடைய பாட்டோ என்றுதான் தோன்றும். இப்படிப்பட்ட கோட்டிதான், கிறுக்குதான் நான். இதைத் தெரிந்துகொண்டால் நான் செய்த காரியமும் உங்களுக்குப் புரியும்.

வராத வியாழக்கிழமை

பத்திரிகை வியாழக்கிழமை காலை பஸ்ஸில் திருநெல்வேலியிலிருந்து வரும். கடை திறக்கும் முன்பே நாங்கள் நிற்போம். என்னை விட மூன்று மாதம் மூத்தவள் என்பதால் முதலில் செண்பகம் படிப்பாள். நான் முடிக்கும் வரை அவள் வாயைத் திறக்கக் கூடாது. அது ஒப்பந்தம்.

இளவரசனின் படகு முகத்துவாரத்தில் பாறையில் மோதி உடைந்து, மூடுபனியில் திசை தெரியாமல் அவன் நின்றதோடு ஒரு வாரம் முடிந்தது. அடுத்த வாரம் ஐப்பசி மழை. தாமிரபரணியில் அப்படி ஒரு வெள்ளத்தை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. வாழைத்தோட்டங்கள் இலை நுனி மட்டும் தெரியும்படி மூழ்கின. பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. பஸ் இல்லை, ரயில் இல்லை, கரண்டு இல்லை. பத்திரிகையும் வரவில்லை. ஆற்றுக்கு இரண்டு பக்கமும் எந்த ஊருக்கும் வரவில்லை.

தண்ணீர் வடிந்து அதற்கடுத்த வாரத்து இதழ் வந்தபோது, இளவரசன் அக்கரையில் குதிரை மேல் போய்க்கொண்டிருந்தான். எப்படிக் கரை ஏறினான்? யாருக்கும் தெரியவில்லை. முன்கதைச் சுருக்கத்தில் ‘அக்கரை அடைந்த இளவரசன்’ என்று மூன்றே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து செண்பகத்துக்கு மஞ்சள்காமாலை. கீழாநெல்லியும் மோரும் உப்பில்லாத கஞ்சியும்தான் ஆகாரம். கண்ணெல்லாம் மஞ்சள். நான் போனால், “அவன் எப்படிட்டி போனான்?” என்பதுதான் முதல் கேள்வி. ஒருநாள் காய்ச்சலில் அதையே பிதற்றியதாக அவள் அம்மா சொன்னார்கள். “அந்தச் சவத்தக் கதையை யாரிட்டயாவது கேட்டு வந்து சொல்லேன் தாயி. பிள்ளை உறங்கவே மாட்டேங்கா.”

யாரிடம் கேட்பது? ஒரு மத்தியானம், மழை சன்னமாகப் பெய்துகொண்டிருக்க, ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்ட தாளில் எழுத ஆரம்பித்தேன். எனக்குப் பதினேழு வயது. எழுதியது மாதிரியே இல்லை. ஆற்று இரைச்சல் காதில் விழுந்துகொண்டிருந்தது, பனிக்குள் ஒரு வெளிச்சம் தெரிந்தது, அதற்குப் பின்னால் ஒரு பெண் வந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கடல் விலகிப்போன பழைய துறைமுகத்தில், இனிமேல் ஒரு கப்பலும் வராது என்று தெரிந்தும் தினமும் விளக்கு ஏற்றுகிறவள். முத்துக் குளிக்கிற ஊர் என்பதால் முத்துநகை என்று பெயர் வைத்தேன். அவள் இளவரசனோடு அதிகம் பேசமாட்டாள். காயத்துக்குக் கட்டுப் போட்டு, தோணியில் ஏற்றி, அக்கரையில் விட்டுவிட்டுத் திரும்பிப் போவாள்.

ஆறு தாள் வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“தூத்துக்குடியில எங்க பெரியப்பா வீட்டுல வாங்கியிருந்தாங்க. அப்பா போயிருந்தப்போ பாத்து எழுதிட்டு வரச் சொன்னேன். அப்பா எழுத்து உனக்குப் புரியாதுன்னு நான் திருப்பி எழுதுனேன்.”

பொய்யைத் தாங்க எத்தனை முட்டுக்கொடுத்திருக்கிறேன் பாருங்கள். செண்பகம் அதையெல்லாம் கேட்கவே இல்லை. தாளை வாங்கி இரண்டு தரம் படித்தாள். அப்புறம் தாளை நெஞ்சில் வைத்துக்கொண்டு உறங்கிப்போனாள்.

பைண்டர் அண்ணாச்சி செய்த உபகாரம்

உடம்பு தேறியதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் கதை முடிந்து, செண்பகம் பைண்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

பைண்டர் அண்ணாச்சி கோயில் தெருவில் ஒரு ஒற்றை அறைக் கடையில் இருந்தார். மைதாப் பசையில் துத்தம் கலந்து காய்ச்சுவார், பூச்சி அரிக்காமல் இருக்க. அந்த வாசனை தெரு முனையிலேயே வரும். கொண்டுவருகிற எல்லாருடைய கட்டுகளிலும் அதே வாரம் இல்லை என்று அவர் ஏற்கெனவே வருத்தத்தில் இருந்தார். குறையோடு ஒரு பைண்டு போடுவது அவருக்குப் பிடிக்காது. செண்பகத்தின் கட்டுக்குள் ஆறு கையெழுத்துத் தாளைப் பார்த்ததும் அவருக்குப் புதையல் கிடைத்த சந்தோஷம். ஜெராக்ஸ் எடுத்து, ஏரல், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை என்று யார் யார் கட்டுக் கொடுத்திருந்தார்களோ அத்தனை பேர் பைண்டிலும் நடுவில் வைத்துத் தைத்துவிட்டார்.

“உன் எழுத்து முத்து முத்தா இருக்கு தாயி. ஆத்தங்கரைக்காரங்க எல்லாரும் உனக்குக் கடமைப்பட்டிருக்காவ” என்றார் என்னிடம். எனக்கு அங்கேயே தரை பிளந்துவிடாதா என்று இருந்தது.

நீந்திப் போனான்

இரண்டு வருடம் கழித்துக் கதை புத்தகமாக வந்தது. கல்லூரி நூலகத்தில் அந்த இடத்தைத் திருப்பினேன்.

இளவரசன் நீந்திப் போனான். ஒன்றரைப் பக்கம். அதற்குள் அரண்மனை ஆலோசனை மண்டபம் வந்துவிட்டது.

எனக்கு நிம்மதி வரவில்லை, ஏமாற்றம்தான் வந்தது. இவ்வளவு பெரிய மூடுபனியை உண்டாக்கிவிட்டு நீந்திப் போவதா?

செண்பகம் அந்தப் புத்தகத்தைத் தொடவே இல்லை. “நம்ம கிட்ட பைண்டு இருக்குல்லா. புத்தகமாப் போடும்போது பாதியை வெட்டிருவான்” என்றாள். அது உண்மைதானே. தொடரில் வந்ததெல்லாம் புத்தகத்தில் வராது என்பது நம் வாசகர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்த நம்பிக்கைக்குள் என் பொய் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது.

அவள் குறையெல்லாம் ஒன்றுதான். முத்துநகை ஏன் திரும்ப வரவே இல்லை? ஆசிரியருக்கே கடிதம் எழுதினாள். பெண்களைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போவது உங்களுக்கு வழக்கமா என்று கேட்டிருந்தாள். ஒரு மாதம் கழித்து அஞ்சலட்டை வந்தது. நடுங்கிய எழுத்தில், ‘அம்மா, முத்துநகையை நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். கண்டதும் தங்களுக்கு எழுதுகிறேன்.’ அவ்வளவுதான். அந்த வயதான மனிதர் தான் எழுதாத ஒருத்திக்காக இவ்வளவு மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறார். செண்பகம் அந்த அட்டையை பைண்டின் உள்பக்கம் ஒட்டி வைத்தாள். அதற்கு மேல் நான் எப்படி வாயைத் திறப்பது?

செண்பகத்துக்கு உள்ளூரிலேயே கல்யாணம். நான் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையாகப் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டேன். அவளுக்குப் பெண் பிறந்தபோது, இசக்கியம்மாள் என்று பெயர் வைக்க வேண்டும் என்று மாமியார் ஒற்றைக் காலில் நின்றார். செண்பகம் அசையவில்லை. அவள் வீட்டுக்காரருக்கு உடன்பிறந்த பெண்கள் இல்லாததால், அத்தை முறைக்கு நான் உட்கார்ந்தேன். வெற்றிலையால் குழந்தையின் காதை மறைத்து, மூன்று தரம் பெயரைச் சொன்னேன். முத்துநகை, முத்துநகை, முத்துநகை. குழந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் மனசுக்குள் எங்கேயோ ஒரு சந்தோஷம் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஸ்கேன்

இப்போது மறுபடி படத்துக்கு வருகிறேன். முதல் பாகம் வந்தபின் இணையத்தில் ரசிகர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். கோயம்புத்தூரில் படிக்கிற முத்துநகை, அடுத்த பாகத்தில் தன் பெயர்க்காரி வரப்போகிறாள் என்று எழுதியிருக்கிறாள். அப்படி ஒரு பாத்திரமே கிடையாது என்று பத்துப் பேர் சிரித்திருக்கிறார்கள். நீங்கள் படித்தது வெட்டிய பதிப்பு, எங்கள் வீட்டில் மூலம் இருக்கிறது என்று இவள் சண்டை போட்டிருக்கிறாள். தாய்க்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை.

இரண்டாம் பாகத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது போன் செய்தாள். “அத்தை, அந்தப் பத்திரிகை ஆபீஸ்ல பழைய இதழெல்லாம் ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்களாம். அந்த வெள்ள வாரத்து இதழைக் கேட்டு எழுதிட்டேன். வந்ததும் அப்படியே போடப்போறேன். சிரிச்சவன் எல்லாம் வாயை மூடணும்.”

அன்றைக்கு நான் ஆபீஸில் ஒரு கோப்பும் பார்க்கவில்லை. ஸ்கேன் வந்தால் அவள் தனியாகக் கண்டுபிடிப்பாள். ஒன்று, ஊர் சிரிக்கும். அல்லது ஊருக்குச் சொல்லாமல் அவளே உள்ளுக்குள் உடைவாள். தன் பெயருக்குப் பின்னால் யாரும் இல்லை என்பதை அந்தப் பிள்ளை ஒரு கம்ப்யூட்டர் திரையில் பார்க்கக் கூடாது.

காபி கிடைக்காத ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூர் பாசஞ்சரில் ஏறினேன். பையில் அச்சுப் புத்தகம். ஜன்னலுக்கு வெளியே வாழையும் நெல்லும் மாறி மாறி வந்தன. செய்துங்கநல்லூர் தாண்டியதும் வழக்கமாக எனக்கு ஒரு மயக்கம் வரும், பாதி உறக்கம் மாதிரி, கதைக்குள் போகிற மாதிரி. அன்றைக்கு வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்தில் பதினாலு கறுப்பு டீ-ஷர்ட். குடும்பத்தோடு முதல் காட்சிக்குப் போட்டுக்கொண்டு போக, விடுமுறைக்கு வந்திருந்த முத்துநகை அச்சடித்து வாங்கியிருந்தாள். முன்னால் ஒரு விளக்கு, முதுகில் ‘முத்துநகை’. செண்பகம் ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள்.

“இது உன் அளவு. போட்டுப் பாரு” என்றாள்.

“செண்பகம், அந்த அத்தியாயம் தூத்துக்குடியில பாத்து எழுதுனது இல்ல.”

“பின்ன எங்க பாத்து எழுதுன?”

“எங்கயும் பாக்கல.”

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. “உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கு. ஸ்கேன் வரட்டும், தெரியும்.”

புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்து வைத்தேன். ஒன்றரைப் பக்கம் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவள் ரொம்ப நேரம் படித்தாள்.

“அப்போ அவரு எனக்குப் போட்ட கார்டு?”

“உன் மனசு நோகக் கூடாதுன்னு எழுதியிருப்பாரு. அவருக்கு என்ன தெரியும், பாவம்.”

“காமாலையில கெடந்தவளுக்குப் பொய் சொன்ன, சரி. அதுல நான் பிழைச்சேன்னு வச்சுக்கோ. என் பிள்ளை காதுல சொன்ன பாரு மூணு தரம். அப்போ உனக்கு நாக்கு கூசலையா வடிவு?”

எப்போதும் போல ஏட்டி என்று கூப்பிடவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

முத்துநகை மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். இறங்கி வந்து, பைண்டை எடுத்து, அந்த ஆறு தாளையும் படித்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

“அவனைக் கொண்டுபோய் விட்டதுக்கு அப்புறம் இவ எங்க போனா அத்தை?”

“நான் யோசிக்கல.”

“யோசிக்கவே இல்லையா?”

“அவன் அக்கரைக்குப் போகணும். எனக்கு அது மட்டும்தான் வேண்டியிருந்துச்சு.”

“அப்போ அதுக்கு மட்டும்தான் அவளா” என்று சொல்லிவிட்டு பைண்டோடு மாடிக்குப் போய்விட்டாள்.

செண்பகம் அடுப்படிக்குள் போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. காபி வரவில்லை. அந்த வீட்டில் தபால்காரருக்குக்கூடக் காபி கொடுத்துத்தான் அனுப்புவார்கள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். பாலத்தில் நடந்தே ஸ்டேஷனுக்கு வந்தேன். ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது.

இரண்டாம் பாகம்

ஒரு வாரம் போன் இல்லை. நானும் செய்யவில்லை. சாயங்காலங்களில் இசைத்தட்டைப் போட்டு உட்காருவேன். எந்தப் பாட்டும் என்னை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகவில்லை. நாற்பது வருடச் சிநேகிதத்தை ஆறு தாளில் தொலைத்துவிட்டு என்ன பாட்டு?

படம் வெளிவருவதற்கு முந்தின நாள் முத்துநகையிடமிருந்து செய்தி வந்தது. டிக்கெட்டின் படம் மட்டும். ஒரு வார்த்தை இல்லை.

காலைக் காட்சி. பதினாலு பேரில் பதின்மூன்று பேரும் டீ-ஷர்ட் போட்டு வந்திருந்தார்கள். மற்றவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று அவர்கள் குதூகலத்திலேயே தெரிந்தது. எனக்கு உள்ளதை முத்துநகை வாசலில் நீட்டினாள். புடவைக்கு மேலேயே மாட்டிக்கொண்டேன்.

“ஸ்கேன் வந்துட்டு அத்தை” என்றாள். “நீந்தித்தான் போறான்.” அதற்கு மேல் பேசவில்லை. இணையத்தில் அதைப் போட்டாளா என்று நானும் கேட்கவில்லை.

செண்பகம் வரிசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். நான் இந்தக் கோடி. என் பக்கத்தில் முத்துநகை.

இளவரசன் நீந்தினான். ஒன்றரைப் பக்கத்தை ஏழெட்டு நிமிஷத்துக்கு இழுத்திருந்தார்கள். முதலை வந்தது, சுழல் வந்தது, ஜனங்கள் விசிலடித்தார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் அசையாமல் இருந்தது. அவன் கரையேறியபோது ஒரு தரம் மூடித் திறந்தது.

இடைவேளை. “ஏன் மதினி, நம்ம பிள்ளை எப்போ வாரா? தாண்டிப் போயிட்டானே” என்று செண்பகத்தின் கொழுந்தன் கேட்டார். செண்பகம் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து எங்கள் பக்கம் குனிந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் இரண்டு பேனா, ஐம்பதைத் தாண்டிய வயது. பக்கத்தில் அவர் மனைவி.

“தப்பா நினைக்காதிய. அப்போதேயிருந்து பாக்கேன், எல்லார் முதுகுலயும் முத்துநகைன்னு போட்டிருக்கு. நீங்களும் நம்ம பைண்டர் அண்ணாச்சி தைச்ச பைண்டு படிச்சவியளா?”

செண்பகம் திரும்பிப் பார்த்தாள்.

“நமக்கு ஏரல். வாழைக்காய் மண்டி வச்சிருக்கேன். எங்க பைண்டுல நடுவுல ஆறு தாள் ஜெராக்ஸ்ல வரும். முக்கியமான கட்டத்தையே வெட்டிட்டானுவ பாத்தியளா. நானும் வீட்டுக்காரியும் அதைப் பாக்கத்தான் வந்தோம்.” மனைவி ஆமாம் என்று தலையாட்டினாள்.

“நாங்களும் அதுக்குத்தான் வந்தோம் அண்ணாச்சி” என்றாள் செண்பகம்.

“எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். நாலு பேர்ட்ட கேட்டுட்டேன், ஒருத்தருக்கும் தெரியல. அவனைக் கரையேத்தி விட்டாளே, அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆனா? உங்களுக்குத் தெரியுமா?”

செண்பகம் என்னைப் பார்த்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தாள். வரிசையில் எல்லாரும் அவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எழுதினவள் நான் என்று எழுந்து சொல்ல நினைத்தேன். சொல்லித்தான் என்ன? அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது.

முத்துநகை எழுந்து அவர் பக்கம் திரும்பி நின்றாள்.

“எனக்குத் தெரியும் அண்ணாச்சி” என்றாள். “கோயம்புத்தூர்ல மூணாம் வருசம் படிக்கா.”

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். செண்பகம் முறுக்குப் பொட்டலத்தைக் கொழுந்தன் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். வரிசையில் இருந்த எல்லார் காலையும் மிதித்துக்கொண்டு, என்னிடம் வந்து, “தள்ளி உக்காருட்டி” என்றாள்.